கோணவாய் ஏட்டுக்கு ஒரு நேரான முகம்

போனவர் போய்விட்டார், இனி அவரால் யாருக்கும் தலைவலி இல்லை என்றுதான் உலகம் நினைக்கும். கோணவாய் ஏட்டு விஷயத்தில் அப்படி நினைத்த போலீஸ் ஸ்டேஷன் நன்றாக ஏமாந்துபோனது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று மேட்டிலிருந்து கடைத்தெருவுக்குள் இறங்கியது. ஏட்டு அதற்கு முன்னால் ஓடித் தெருவைக் காலி செய்தார். கடைக்காரர், வண்டிக்காரர், சாமான் வாங்க வந்தவர் என்று ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அவர் மட்டும்தான் போனார். இப்போது, பணியில் உயிர்விட்ட காவலர்களுக்காக ஸ்டேஷன் முன்கூடத்தில் ஒரு நினைவுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். வெள்ளத்தில் ஒரு குழந்தையைக் கரையேற்றிவிட்டுத் தான் முழுகிப்போன காவலர், தீக்குள் இரண்டாம் தடவை நுழைந்த பெண் காவலர், திருடன் சுட்டு விழுந்த பழைய காலத்து இன்ஸ்பெக்டர், மூன்று பேரும் படச் சட்டத்துக்குள் விறைப்பாக வந்து நின்றுவிட்டார்கள். நாலாவது சட்டம் மட்டும் காலியாகவே கிடந்தது. ஏட்டு அதற்குள் வர மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

படம் இல்லாமல் இல்லை. ஒரு பை நிறையப் படம் இருந்தது. வில்லங்கமே அதுதான். கேமராவைக் கண்டால் அந்த மனிதருக்கு முகம் ஓர் இடத்தில் நிற்காது. ஸ்டேஷன் குழுப்படத்தில் அப்போதைய இன்ஸ்பெக்டரின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் கொம்பு முளைக்கவைத்திருந்தார். பதவி உயர்வு வாங்கிய அன்று எடுத்த படத்தில் நாக்கு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதக்கம் வாங்கிய படத்தில், அது நிஜத் தங்கமா என்று கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் படங்களிலோ மணப்பெண் பக்கம் திரும்பி மாறுகண் போட்டிருந்தார். சிரித்துச் சிரித்து மணப்பெண் பாதிப் படங்களில் குனிந்தே கிடந்தாள். அடையாள அட்டை லாரிக்கடியில் போயிற்று. அலுவலகக் கோப்பில் ஒட்டியிருந்த ஒரே ஒழுங்கான படத்தைக் கூரை ஒழுகல் தின்றுவிட்டது. அதில் தொப்பி மட்டும் மிச்சம்.

"ஏம்மா, இதுல ஒண்ணுலகூடவா மனுஷன் மாதிரி இல்ல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. இந்த ஸ்டேஷனுக்குப் புதுசு. ஏட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சிரிப்பை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர் என்று பெயரெடுத்தவர்.

"எல்லாத்துலயும் மனுஷன் மாதிரிதான் மேடம் இருக்காரு. போலீஸ் மாதிரிதான் இல்ல," என்றாள் ஏட்டம்மா.

ஏட்டம்மா என்பது ஊர் வைத்த பெயர். ஏட்டின் பெண்டாட்டி என்பதால் வந்தது. அவள் வேலை பார்ப்பதென்னவோ பேக்கரியில். கேக்குகளின் மேல் பூவும் பேரும் க்ரீமால் எழுதுகிறவள். கணவன் போன பிறகும் அந்தப் பட்டத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. பிடுங்க வந்தால் கொடுத்திருக்கவும் மாட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா படங்களைச் சீட்டுக்கட்டுபோல் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "மேலிடத்துச் சுற்றறிக்கை தெளிவா இருக்கும்மா. சீருடையில, பணிக்கோலத்துல, கண்ணியமா ஒரு படம். நாளன்னைக்குக் காலையில பெரிய அதிகாரி வந்து திரையை விலக்குறாரு. நாளைக்குள்ள படம் கிடைக்கலைன்னா அந்த இடத்துல துறைச் சின்னம்தான் மாட்டணும்."

"சின்னம்னா?"

"இதோ, தொப்பியில இருக்கே, இந்தத் தகடு."

ஏட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. அவளுடைய மகளுக்கு அப்பா போனபோது நடைகூடச் சரியாக வரவில்லை. போன மாதம் அந்தக் குட்டி இந்தப் படங்களையெல்லாம் தரையில் பரப்பி உட்கார்ந்து, "அம்மா, இதுல எந்த மாமா நம்ம அப்பா?" என்று கேட்டது. அன்றைக்கு முழுக்க ஏட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது மாமாக்களும் போய்த் தகடு வரப்போகிறது. பிள்ளை வளர்ந்து பெரியவளாகி ஒரு பித்தளைத் துண்டைக் காட்டி இதுதான் எங்க அப்பா என்று சொல்ல வேண்டும். அதை நினைத்தபோது அவளுக்கு அந்தச் சுவரின் மேல் கோபம் வந்தது, சுற்றறிக்கையின் மேல் வந்தது, கடைசியில் எல்லாம் சுற்றி அந்த மனிதர்மேல் வந்து நின்றது. எத்தனை தடவை தலையிலடித்துக்கொண்டிருப்பாள், ஒருநாளாவது மூஞ்சியை ஒழுங்கா வையுங்களேன் என்று. கேட்டால்தானே.

"படம் இல்லைன்னா வரைஞ்சுக்கலாமே மேடம்," என்றாள். "நம்ம மூக்கு மாஸ்டர் இருக்காரே."

மூக்கு மாஸ்டர் அந்த ஸ்டேஷனின் ஓவியர். திருட்டுக் கொடுத்தவர்களும் அடிபட்டவர்களும் சொல்லச் சொல்லக் குற்றவாளியின் முகத்தை வரைகிறவர். எந்த முகமானாலும் மூக்கிலிருந்துதான் தொடங்குவார் என்பதால் அந்தப் பெயர். ஏட்டும் அவரும் பல வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். அதனால் வேலை சுலபம் என்று ஏட்டம்மா நினைத்தாள்.

மாஸ்டர் பென்சிலைச் சீவினார். காகிதத்தை எடுத்துப் பலகையில் செருகினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லு தங்கச்சி. மூக்கு எப்படி இருக்கும்?"

"என்னைக் கேக்குறீங்களே அண்ணே! நீங்க பாக்காத மூக்கா?"

"பாத்திருக்கேன். ஆனா எனக்கு அடுத்தவங்க கண்ணால பாத்துத்தான் கை ஓடும். என் கண்ணால பாத்தா ஓடாது. இருபது வருஷப் பழக்கம்." பிறகு பழக்க தோஷத்தில் மடமடவென்று தொடங்கிவிட்டார். "வயசு என்ன இருக்கும்? உயரம்? கடைசியா எங்க வச்சுப் பாத்தீங்க? கையில ஆயுதம் எதுவும் வச்சிருந்தாரா?"

"துடைப்பம். காலையில வீட்டைக் கூட்டிக் குடுத்துட்டுத்தான் டூட்டிக்குப் போனாரு."

மாஸ்டர் அதைக் குறித்துக்கொள்ளப் போனார். அவள் முறைத்த முறைப்பில் விட்டுவிட்டார். "சரி, மூக்குக்கு வா."

ஏட்டம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மூக்கு எப்படி இருந்தது? நீளமா, சப்பையா? கண்ணை மூடிப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் வந்தது. கதவைத் தட்டாமல் பூனைபோல் கத்துவது வந்தது. சட்டைக் காலரின் வியர்வை வாடைகூட வந்தது. முகம் வரவில்லை. வந்ததெல்லாம் நாக்கு நீட்டிய முகம், கண்ணடித்த முகம், கன்னத்தைக் குழித்த முகம். எதைப் பிடித்தாலும் வழுக்கிக்கொண்டு இன்னொன்றானது. கட்டின புருஷனின் மூக்கு ஒருத்திக்கு மறந்துபோகுமா? மறந்துபோயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், வேண்டாம் தங்கச்சி, பாக்காதே என்று எல்லோரும் சேர்ந்து அவளைத் தடுத்துவிட்டார்கள். அடையாளம் காட்டியதும் அவர்களேதான். கடைசியாக ஒரு தடவை பார்த்திருந்தால் மறந்திருக்காதோ என்று நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

"வாய் மட்டும் கோணலா இருக்கும்ணே," என்றாள். "சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி." மிச்சத்தை வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தாள்.

மாஸ்டர் வரைந்தார். காலமெல்லாம் கன்னம் வைத்துத் திருடுகிறவனையும் கத்தியால் குத்துகிறவனையும் வரைந்த கை அது. அதற்கு வேறு முகம் தெரியாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக, தொப்பியும் சீருடையும் மாட்டிக்கொண்டு ஒரு பக்காத் திருடன் காகிதத்திலிருந்து அவளைப் பார்த்து முறைத்தான். வாய் மட்டும் கோணலாக, அச்சாக, அவருடையது.

"நாளைக்கு வா தங்கச்சி, கொஞ்சம் சரி பண்ணிப் பாக்கலாம்," என்றார் மாஸ்டர். அதை அவரே நம்பவில்லை. அவள் போனதும் எழுந்து, இருபது வருஷமாகச் செய்வதுபோலவே, வரைந்த தாளைக் கொண்டுபோய் நடைவழியில் இருந்த நீலத் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மனசு சரியில்லாதபோது கை தன் போக்கில் வேலை செய்யும்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்டரின் அறையில் இருந்த காகிதங்கள் எல்லாமே ஒரே மாதிரி அச்சடித்தவை. மேலே, 'இவரைக் கண்டால் தகவல் தரவும்.' கீழே, ஸ்டேஷன் தொலைபேசி எண். நீலத் தட்டில் விழும் தாள் எதுவானாலும் உடனே படியெடுத்துத் தெருத்தெருவாக ஒட்டிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அதற்கென்றே ஒரு காவலர் இருந்தார். அவருக்குப் பெயரே பசை. ஒருமுறை ஒட்டுவதற்கு முன்னால் ஏதோ சந்தேகம் கேட்கப்போய், அதற்குள் திருடன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். பசை வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்ப்பார். அதிலும் அவர் இங்கே மாற்றலாகி வந்தது ஏட்டு போன பிறகு.

மறுநாள் காலை ஏட்டம்மா பேக்கரியில் ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் குனிந்திருந்தாள். முதலாளி மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார். "ஏட்டம்மா! உங்க வீட்டுக்காரரைப் போலீஸ் தேடுதாம்! கடைத்தெரு பூரா ஒட்டியிருக்காங்க!"

க்ரீம் பை அவள் கையில் அப்படியே நசுங்கியது. கேக்கின் மேல் பிறந்தநாள்காரரின் பெயருக்குப் பதில் ஒரு மலை எழும்பியது.

கடைத்தெருப் பக்கம் அவள் நாலு வருஷமாகக் கால் வைத்ததில்லை. அதனால் சுற்றிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள். போய்ப் பார்த்தால் கடைத்தெருவே அங்கே வந்து நின்றது. சலூன்காரர் கையில் கத்தரிக்கோலோடு நின்றார்; பாதி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கைக்காரரும் கூடவே வந்திருந்தார். பழவண்டிக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். செருப்புத் தைக்கிறவர், வாளிக்கடைக்காரர், இன்னும் யார் யாரோ. எல்லோர் கையிலும் கிழித்தெடுத்த நோட்டீஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவர்களுக்கு நடுவில் பசை தொலைபேசியைக் காதில் வைத்தபடி வேர்த்து விறுவிறுத்துத் தகவல் எழுதிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மாவைக் கண்டதும் எழுந்து சல்யூட் அடித்தார்.

"மேடம், இவ்வளவு தகவல் எந்தக் கேஸுக்கும் வந்ததில்ல! ஊரு பூரா இவனைத் தெரிஞ்சு வச்சிருக்கு. பலே கில்லாடி போலிருக்கு. செத்துப்போயிட்டதாப் புரளி கிளப்பிவிட்டுத் தலைமறைவாயிருக்கான். நாலஞ்சு பேரு அப்படியே நம்பிப் பேசுறாங்க."

இன்ஸ்பெக்டரம்மா நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யோவ்! இது யாருன்னு தெரியுமா?" அடுத்து அவர் பேசியதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். பசையின் காது மடல் சிவந்து பழுத்துவிட்டது என்பது போதும்.

"எங்க ஏட்டையாவைத் திருடன்னு போட்டிருக்கீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?" என்று பாய்ந்தார் சலூன்காரர். "அதுகூடப் பரவால்ல. இது என்ன காது? அவருக்கு இப்படியா இருக்கும் காது? நான் எத்தனை வருஷம் அந்தக் காதைச் சுத்தி வெட்டியிருக்கேன்! வெளிய வளைஞ்சு நிக்கும். சீப்பு மாட்டிக்கும்!"

"காதை விடு. புருவத்துல வெட்டு எங்க?" என்றார் வாளிக்கடைக்காரர். "எங்க கடை ஷட்டர் இடிச்ச வெட்டு. இடது புருவம்."

"வலது."

"என் ஷட்டரு, எனக்குத் தெரியாதா?"

மூக்கு மாஸ்டர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தன்னால் விளைந்த விபரீதத்துக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய மனிதர், காது, புருவம் என்ற சொற்கள் விழுந்ததும் பென்சிலோடு வெளியே வந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க, 'இருட்டா இருந்துச்சு சார், சரியாப் பாக்கல' என்ற சாட்சிகளையே கேட்டுக் கேட்டுக் காய்ந்துபோனவர். இத்தனை கண் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுவாரா? பெஞ்சை இழுத்துப் போட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க," என்றார்.

காது வந்தது. கூடவே கதையும் வந்தது. சலூன்காரருக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் சாக்கடைக் குழாய் விஷயத்தில் வெட்டுப்பழி குத்துப்பழியாக இருந்ததாம். ஏட்டு இரண்டு பேரையும் சலூன் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே துணியை இரண்டு கழுத்திலும் சேர்த்துக் கட்டி, கண்ணாடியைப் பாருங்கடா என்றாராம். எவன் முதலில் சிரிக்கிறானோ அவன் குழாய் போட வேண்டும். "பின்னால நின்னு அவரு பண்ண சேட்டைக்கு யாரால சிரிக்காம இருக்க முடியும்? ரெண்டு பேரும் சிரிச்சோம். பாதிப் பாதி போட்டோம்."

புருவம் இடதென்று முடிவானது. அதோடு வாளிக்கடைக்காரரின் கதையும் வந்தது. கடைத்தெருவுக்கு ஒரு ஜேப்படிக்காரன் வந்து சேர்ந்தானாம். ஏட்டு அவனை அடிக்கவில்லை, பிடித்து அடைக்கவுமில்லை. தோளில் கைபோட்டுக் கடை கடையாகக் கூட்டிப்போய், "தம்பி நம்ம ஏரியாவுக்குப் புதுசா வந்திருக்காரு, ஜேப்படி பண்றாரு, எல்லாரும் ஒத்துழைப்புக் குடுங்க," என்று அறிமுகப்படுத்தி வைத்தாராம். எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்ல, அவன் மானம்போய் அன்றைக்கே ஊரைவிட்டுப் போனான்.

ஏட்டம்மா ஓர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. இந்த நாலு வருஷத்தில் எங்கே யார் அவளைப் பார்த்தாலும் தலையைக் குனிந்து, "தெய்வம்மா அவரு," என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்திருந்தது. அவள் தெய்வத்தோடு குடும்பம் நடத்தவில்லை. ஒரு போக்கிரியோடுதான் நடத்தினாள்.

காகிதத்தில் காது, புருவம், மோவாய், முன்பல் இடைவெளி எல்லாம் வந்து சேர்ந்தன. அழித்து அழித்துத் தாள் நைந்துபோனது. மாஸ்டர் நிமிர்த்திக் காட்டினார். கூட்டம் பார்த்தது. உறுப்பெல்லாம் அவருடையதுதான். ஆனால் அவர் இல்லை.

"சும்மா இருக்கும்போது எப்படி இருப்பாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. அவரும் எப்போது பெஞ்சுப் பக்கம் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "பேசாம, சிரிக்காம, முகத்தை நேரா வச்சுக்கிட்டு?"

சலூன்காரர் வாளிக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் செருப்புத் தைக்கிறவரைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் ஏட்டம்மாவைப் பார்த்தார்கள்.

"அப்படி ஒரு மூஞ்சி அவருக்குக் கிடையவே கிடையாது மேடம்," என்றாள் அவள். சொல்லும்போதுதான் அவளுக்கே விளங்கியது. நேற்று முழுக்க அவள் தேடியது மறந்துபோன முகத்தை அல்ல, இல்லவே இல்லாத முகத்தை. தான் எதையும் மறக்கவில்லை. அந்த நிம்மதியில் பெஞ்சு முனையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தூங்கும்போதுகூடவாம்மா?"

"அப்ப வாயைப் பொளந்துக்கிட்டுக் குறட்டை."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?" இன்ஸ்பெக்டரம்மா உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "சுற்றறிக்கையை மீற எனக்கு அதிகாரம் இல்லம்மா. சின்னத்தைத்தான் மாட்டணும்."

அப்போது பழவண்டிக்காரம்மா தொண்டையைச் செருமினாள். அதுவரை காது பற்றியும் புருவம் பற்றியும் அவள் வாயே திறக்கவில்லை. "இன்னொரு மூஞ்சி இருக்கு மேடம். சொல்லலாமான்னுதான் தெரியல."

"சொல்லுங்க."

அவள் ஏட்டம்மாவைப் பார்த்தாள். "கடைசி மூஞ்சி."

கூட்டம் சட்டென்று தரையைப் பார்த்தது. "ஏய், அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று சலூன்காரர் அடக்கினார்.

"சொல்லுங்கக்கா," என்றாள் ஏட்டம்மா. "சிங்கம் மாதிரி ஓடினாருன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க வேற ஏதாவது சொல்லுங்க."

"சிங்கமாவது ஒண்ணாவது," என்றாள் பழவண்டிக்காரம்மா. "தப்பா எடுத்துக்காதே கண்ணு. சிரிப்பா இருந்துச்சு."

அவள் சொன்னது இது. சாயங்காலம் ஆபீஸ் பஸ் வருவதற்குள் தள்ளுவண்டிகளெல்லாம் ரோட்டை விட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்காவிட்டால் அபராதம் போட வேண்டும், வண்டியைப் பிடுங்க வேண்டும், சட்டம் அப்படி. ஏட்டு அபராதப் புத்தகத்தையே எடுப்பதில்லை. மேட்டில் நின்று விசிலை ஊதுவார். ஊதியதும் ஓட வேண்டும். பின்னாலேயே துரத்திக்கொண்டு வருவார். கடைசியாகச் சந்துக்குள் வருகிறவர் எல்லோர் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். தினம் நடந்த கூத்து அது. வண்டிக்காரர்களோடு கடைக்காரர்களும் ஓடுவார்கள், சாமான் வாங்க வந்தவர்களும் வேடிக்கைக்காக ஓடுவார்கள். பாட்டுக்குப் பயந்து காலுக்கு அது பழகிப்போயிற்று.

"அன்னைக்கு உச்சி வெயில்ல விசில் சத்தம் கேட்டுச்சு. என்னடா இது, நேரங்கெட்ட நேரத்துலன்னு திரும்பிப் பாத்தோம். உங்க வீட்டுக்காரரு மேட்டுலேர்ந்து ஓடிவர்றாரு. ஒரு கால்ல பூட்ஸ் இல்ல. தொப்பியைக் கையில வச்சு எல்லாரு முதுகுலயும் அடிச்சு விரட்டுறாரு. கன்னம் ரெண்டும் பலூன் மாதிரி உப்பி, கண்ணு ரெண்டும் வெளிய விழுற மாதிரி, விசிலு வாயை விட்டு எறங்கல. அந்த மூஞ்சியைப் பாத்தா யாருக்கு சிரிப்பு வராது? சிரிச்சுக்கிட்டேதான் கண்ணு ஓடினோம். யாரும் ஏன்னு கேக்கல. நின்னு யோசிக்கல. கால் தானா ஓடுச்சு. சந்துக்குள்ள வந்து, யாரு கடைசி, யாரு பாடணும்னு திரும்பினப்பதான் லாரியைப் பாத்தோம்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அன்னைக்கு அவருதாம்மா கடைசி."

ஏட்டம்மா அழுதாள். அழுதுகொண்டே ஒரு சிரிப்பும் பீறிட்டுக்கொண்டு வந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை, பிரிக்கவும் முயலவில்லை. அத்தனை உயிரும் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டால்தான் பிழைத்தது. பொறுப்பில்லாதவர் என்று மேலிடமும், எதிலும் விளையாட்டு என்று அவளும் திட்டித் தீர்த்த விளையாட்டு.

"கன்னம் எவ்வளவு உப்பியிருந்துச்சுக்கா?" என்று கேட்டாள்.

பழவண்டிக்காரம்மா கன்னத்தை உப்பிக் காட்டினாள். "அவ்வளவு பத்தாது," என்று சலூன்காரர் தன் கன்னத்தை உப்பினார். "கண்ணு இன்னும் வெளிய வரணும்," என்று வாளிக்கடைக்காரர் விழியைப் பிதுக்கினார். செருப்புத் தைக்கிறவர் தலைமுடியைக் கலைத்துக்கொண்டு கையை ஓங்கினார். கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் முன்கூடம் முழுக்கக் கன்னம் உப்பிய மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்து, அப்படியில்ல, இப்படி என்று மூச்சுமுட்டத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஏட்டைக் கண்ணால் பார்த்திராத பசையும் மூலையில் உப்பிப் பார்த்தார். மாஸ்டர் புதுத் தாளை அச்சில்லாத பக்கமாகத் திருப்பி வைத்தார், பென்சில் பறந்தது. முதல் தடவையாக மூக்கிலிருந்து தொடங்காமல் கன்னத்திலிருந்து தொடங்கினார்.

முடித்ததும் தாளை ஏட்டம்மாவின் மடியில் வைத்தார். சாட்சிகளிடம் கடைசியாக எப்போதும் கேட்பதை அவளிடமும் கேட்டார். "நல்லாப் பாத்துச் சொல்லு. இவர்தானா?"

நாலு வருஷத்துக்கு முன்னால் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் நன்றாகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"இவர்தாண்ணே," என்றாள். "இவரேதான்."

எல்லோரும் இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் படத்தை ஒரு கையிலும் சுற்றறிக்கையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். "சீருடை இருக்கு," என்றார். "பணியில இருக்காரு, அதுல எவனும் குறை சொல்ல முடியாது. கண்ணியம்..." என்று இழுத்து மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவருடைய உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. சட்டென்று எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "இதைவிடக் கண்ணியமா ஒருத்தன் எப்படி ஓடுறது? சட்டத்துல மாட்டுங்க. பெரிய அதிகாரிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

மறுநாள் காலை கடைத்தெரு கதவடைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தது. காவலர்கள் வரிசையாக விறைத்து நின்றார்கள். ஏட்டம்மா மகளின் கையைப் பிடித்து முன்வரிசையில் நின்றாள். பெரிய அதிகாரி வீரம், கட்டுப்பாடு, தியாகம் என்று நீளமாகப் பேசினார், நன்றாகத்தான் பேசினார். பிறகு கயிற்றை இழுத்துத் திரையை விலக்கினார். முதல் மூன்று முகங்கள் முன்னே பார்த்து நின்றன. நாலாவது முகம் தலைதெறிக்க ஓடிவந்துகொண்டிருந்தது.

பெரிய அதிகாரி அதைப் பார்த்தார். குனிந்து கிட்டே போய்ப் பார்த்தார். திரும்பி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்தார். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு நிமிஷம்... மௌன அஞ்சலி," என்றார் பெரிய அதிகாரி, கொஞ்சம் தடுமாறி.

எல்லோரும் தலை குனிந்தார்கள். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு பழவண்டிக்காரம்மாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் தப்பித்து வந்தது. காவலர் வரிசையில் ஒரு தோள் குலுங்கியது. அது பக்கத்துத் தோளுக்குப் போயிற்று. மூக்கு மாஸ்டர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டரம்மாதான் முதலில் உடைந்தார். பூட்டிவைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கொட்டியதுபோல் ஒரு சிரிப்பு. அதற்குமேல் யாருக்கு அடங்கும்? பெரிய அதிகாரியின் பெல்ட்டும் குலுங்கத் தொடங்கியது. முன்கூடமே சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது.

ஏட்டம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் போய் நின்ற எந்த இடத்திலும் சிரிப்பு இல்லாமல் இருந்ததில்லை, அவருடைய சவ ஊர்வலத்தைத் தவிர. அன்றைக்கு அத்தனை பேர் அத்தனை மரியாதையாக வாய்மூடி நடந்தபோது, இது வேறு யாருடைய சாவோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் ஒருவழியாக வந்து சேர்ந்தது இன்றைக்குத்தான்.

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெடுக்காமல் நாலாவது சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது அப்பாவா?"

"ஆமாடி கண்ணு."

"என்ன பண்றாரு?"

ஏட்டம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வேலை பாக்குறாரு."